இருபத்தஞ்சு நிமிசம்

இருங்கோ தம்பி, இருங்கோ. பிளேன் உங்களை விட்டிட்டுப் போகாது. அதுக்கு நான் பொறுப்பு. மூச்சு இன்னும் இரைக்குது உங்களுக்கு. அந்த மெசினில கோப்பி வரும், ஆனால் வாயில வைக்கேலாது. என்ர பிளாஸ்கில தேத்தண்ணி கிடக்கு, இந்தாங்கோ. சீனி போட்டது.

என்ன கேட்டனீங்கள்? ஹோம்னெஸ் எவ்வளவு தூரமோ? நேராய்ப் பறந்தால் நூற்றி முப்பத்தெட்டுக் கிலோமீற்றர். எங்கட ஊர்க்கணக்கில சொன்னால் யாழ்ப்பாணத்தில இருந்து வவுனியா. இருபத்தஞ்சு நிமிசம். காத்து எதிர்த்தடிச்சால் இருபத்தெட்டு. அதுக்கு மேல ஒருநாளும் போனதில்லை, நான் எழுதி வைச்சிருக்கிறன்.

ரோட்டால எண்டால் அது வேற கதை. முந்நூற்றிப் பத்து. நோர்வேயின்ர இந்த வடக்குத் தொங்கலில கடல் உள்ளுக்கை வந்து வந்து நிலத்தைக் கிழிச்சு வைச்சிருக்கு. ஒவ்வொரு கிழிசலையும் சுத்திக்கொண்டு போகவேணும். அதுக்குப் பிறகு மலை. பனிக்காலத்தில மலையில தனிய ஓட விடமாட்டினம். பனி தள்ளுற லொறி முன்னுக்குப் போகும், கார் எல்லாம் அதுக்குப் பின்னால வரிசையாய்ப் போகவேணும். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காத்தான் அந்த வரிசை வெளிக்கிடும். விட்டியளோ, மலையடியில கதவை மூடிக்கொண்டு காருக்குள்ள இருக்கவேண்டியதுதான். எல்லாம் சேர்த்து ஏழு மணித்தியாலம், எட்டு மணித்தியாலம். நான் உதெல்லாம் நித்திரையிலயும் சொல்லுவன்.

நான் பரராசசிங்கம். இவை 'பாரா' எண்டு கூப்பிடுவினம். முதல் அஞ்சு வருசம் மீன் பக்ரறி, அதுக்குப் பிறகு இருபத்தாறு வருசமாய் இந்த ஸ்கார்விக் எயார்போட். எயார்போட் எண்டவுடன பெரிசாய் நினைக்காதேங்கோ. நீங்கள் இருக்கிற இந்த ஹோல், அங்காலை ஒரு ஓடுபாதை, அவ்வளவுதான். ஒரு நேரத்துக்கு மூண்டு பேர். ரிக்கற் பார்க்கிறதும் நான், பாக் நிறுக்கிறதும் நான், அதைக் கொண்டுபோய் ஏத்துறதும் நான். அதுக்காக என்னைச் சூட்கேஸ் தூக்கிறவன் எண்டு சொல்லேலுமோ? சொல்லுங்கோ. லிஸ்ற் என்ர கையில. பிளேனில ஆர் ஏறலாம், ஆர் ஏறேலாது எண்டது என்ர கையில. 

பிளேன் வெளிக்கிட இருபது நிமிசத்துக்கு முதல் லிஸ்ற் மூடுறது. அதுதான் விதி. மூடினால் மூடினதுதான். என்ர கூடப்பிறந்த தம்பியையே மூண்டு நிமிசம் பிந்தினதுக்கு நான் ஏத்தேல்லை. ஓம், சொந்தத் தம்பி. குகதாசன். நாங்கள் குகன் எண்டுவம். ஒரு மனிசன் நேர்மையாய் நடந்தால் அவனுக்கு என்ன கிடைக்கும் எண்டு அறிய விருப்பமோ? பிளேன் இன்னும் அரை மணித்தியாலத்துக்கு எழும்பாது. அங்கை ஹோம்னெஸ்ஸில பனி கொட்டுதாம். குடிச்சுக்கொண்டு கேளுங்கோ.

குகனை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டது நான். அவனுக்கு உடுப்பு வாங்கிக் குடுத்தது நான், மீன்பிடிப் போட்டில வேலை எடுத்துக் குடுத்தது நான், ஊரில பொம்பிளை பார்த்துக் கட்டிவைச்சதும் நான். அவள் நளாயினி. நல்ல பிள்ளைதான். நான் அவளில ஒரு பிழையும் சொல்லமாட்டன். 

அவள் வந்து நாலாம் மாசம் என்ர மகள் பெரியபிள்ளையாகி, அவளின்ர சாமத்தியவீடு. பள்ளிக்கூட விளையாட்டு மண்டபம் எடுத்துச் செய்தனான். ஒஸ்லோவில இருந்தெல்லாம் சனம் வந்தது. வீடியோக்காரப் பொடியன் மைக்கை நீட்டி, "அண்ணை, நீங்கள் இஞ்சை என்ன வேலை?" எண்டு கேட்டான். நான் "எயார்போட் ஒஃபிசர்" எண்டன். அதில என்ன பொய்? உடனை இவன் குகன் பின்னால நிண்டு, "ஓம் ஓம், சூட்கேஸ் தூக்கிற ஒஃபிசர்" எண்டான். பகிடியாம். 

நான் அதை அண்டைக்கே மறந்திட்டன். பகிடிதானே. சகோதரங்களுக்குள்ள வாறதுதானே. ஆனால் அவள் சிரிச்சாள், தம்பி. நளாயினி. பச்சைச் சீலை, கையில கற்கண்டுத் தட்டம். முதல்ல சிரிச்சது அவள். அவள் சிரிச்ச பிறகுதான் மற்றச் சனம் சிரிச்சது. நான் சும்மா சொல்லேல்லை, வீடியோவில இருக்கு. அடிக்கடி போட்டுப் பார்க்கிறேல்லை, எப்பவாவது ஒருக்கா. பத்தொன்பதாவது நிமிசத்தில வரும்.

சரி, அதை விடுவம். அதுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

அடுத்த தைமாசம். நளாயினிக்கு எட்டாம் மாசம். ஒரு புதன்கிழமை அவளுக்கு இரத்தம் போகத் தொடங்கிட்டுது. குகன் கடலில நிக்கிறான். அம்புலன்ஸ் பிளேன் வந்தது, ஹோம்னெஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக. ஸ்ரெச்சரை ஏத்தினது ஆர்? நான்தான். அவள் என்ர சட்டைக்கையைப் பிடிச்சுக்கொண்டாள். அவளுக்கு நோர்வேமொழி நாலு சொல்லுத் தெரியும். சுத்திவர நிக்கிறவை சொல்லுறது ஒண்டும் விளங்கேல்லை. "அண்ணை, அவர் வந்தவுடன முதல் பிளேனில அனுப்பிவிடுங்கோ, எனக்குப் பயமாய்க் கிடக்கு" எண்டாள். "ஓம் பிள்ளை, அதுக்கு நான் பொறுப்பு" எண்டு சொல்லி அனுப்பினன். 

வெள்ளிக்கிழமை விடியத்தான் குகன்ர போட் கரைக்கு வந்தது. விடிய எண்டு சொல்லுறன், எங்க விடியிறது? தை நடுவில இஞ்சை சூரியன் எட்டிப் பார்க்காது. மத்தியானம் கொஞ்சம் நீலமாய் வெளிக்கும், பிறகு திரும்ப இருட்டு. பத்துப் பத்துக்கு எனக்குப் போன் எடுத்தான். பன்ரெண்டு நாற்பது பிளேனுக்கு ரிக்கற் போட்டிட்டானாம். "அண்ணை, எத்தினை மணிக்கு வீட்டால வெளிக்கிட்டால் நல்லம்?" எண்டு கேட்டான். 

ஏன் என்னட்டைக் கேட்டவன் எண்டு கேளுங்கோ. இந்த ஊரில ஒன்பது தமிழ்க் குடும்பம். ஒன்பது வீட்டுக்கும் ராகுகாலம், சுபநேரம் எல்லாம் குறிச்சுக் குடுக்கிறது நான். சூரியன் உதிக்காத இடத்தில ராகுகாலம் எப்பிடிப் பார்க்கிறது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. உதயமே இல்லையே! நான் ஒரு வழி கண்டுபிடிச்சன். சூரியன் இல்லாத ரெண்டு மாசத்துக்கும் ஊர்ப் பஞ்சாங்கத்து நேரத்தை அப்பிடியே எடுக்கிறது. பேப்பரில அடிச்சுக் குடுப்பன். எல்லாற்ற குளிர்சாதனப் பெட்டியிலயும் ஒட்டியிருக்கும். ஒருத்தரும் அதுக்குச் சிரிச்சதில்லை.

வெள்ளிக்கிழமை எண்டால் பத்தரையில இருந்து பன்ரெண்டு வரை ராகுகாலம். சொன்னன். "வயித்துப்பிள்ளைக்காரியைப் பார்க்கப் போறாய், ராகுகாலத்தில வெளிக்கிடாதை. பன்ரெண்டு தாண்டி வெளிக்கிடு" எண்டு சொன்னன். அவன் "சரி அண்ணை" எண்டான். அவன் வீட்டில இருந்து இஞ்சை வர இருபது நிமிசம். 

என்ன? பத்தரைக்கு முதலே வெளிக்கிடச் சொல்லியிருக்கலாமோ? எப்பிடித் தம்பி? கடலில இருந்து வந்தவன் குளிக்க வேண்டாமோ? லிஸ்ற் மூடுற நேரத்தைச் சொல்லியிருக்கலாம் எண்டு பிறகு என்ர மனிசியும் சொன்னவ. அவன் அதைக் கேக்கேல்லை. ராகுகாலம் கேட்டான், ராகுகாலம் சொன்னன். கேட்டதுக்குத்தானே பதில் சொல்லலாம். 

பன்ரெண்டு இருபதுக்கு லிஸ்ற்றை மூடினன். பன்ரெண்டு இருபத்திமூண்டுக்கு வந்தான். ரோட்டில பனியாம். தலை ஈரம், ஒரு கையில பை, மற்றக் கையில அவள் விட்டிட்டுப் போன கம்பளிச் சட்டை. நேரே வந்து, "அண்ணை, வந்திட்டன்" எண்டு சிரிச்சான். 

நான் "கவுண்டர் மூடியாச்சு" எண்டன். நோர்வேமொழியில சொன்னன். வேலை நேரத்தில எல்லாரோடையும் நோர்வேமொழிதான் கதைக்கவேணும், அது இஞ்சத்தை முறை. அவன் பகிடி விடுறன் எண்டு நினைச்சிட்டான். திரும்பவும் சொன்னன். மூண்டாந்தரம் சொல்லேக்கைதான் அவன்ர முகம் மாறினது. மூண்டு தரமும் மரியாதையாய்த்தான் சொன்னனான். 

என்னோட வேலை செய்யிற ஊன்னி எண்டொரு மனுசி. ஓடுபாதையில பனி தள்ளிப்போட்டு வந்து நிண்டவள். பிளேனில பதினொரு சீற் சும்மா கிடக்கு எண்டு அவளுக்குத் தெரியும். "பாரா, அது உன்ர தம்பியடா, விமானிக்கு ஒரு போன் எடு" எண்டாள். நான் சொன்னன், "தம்பி எண்ட படியால்தான் எடுக்கேலாது. நாளைக்கு ஊர் என்னைப் பார்த்து என்ன சொல்லும்?" அவளுக்கு அது விளங்கேல்லை. இவைக்கு இனம் சனம் எண்டால் என்ன எண்டு தெரியாதுதானே. 

குகன் காலில விழுந்தான், தம்பி. ஈரச் சப்பாத்தோட அப்பிடியே நிலத்தில. தண்ணி எல்லாம் ஊத்துண்டு, பிறகு துடைச்சது நான்தான். விழுந்து கிடந்துகொண்டு என்ன சொன்னான் தெரியுமோ? "அண்ணை, அண்டைக்குச் சாமத்தியவீட்டில சொன்னதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அவள் பாவம், தனிய கிடக்கிறாள்." பாருங்கோ அவன்ர புத்தியை! நான் விதியைக் கதைக்கிறன், அவன் சாமத்தியவீட்டைக் கொண்டுவந்து முடிச்சுப்போடுறான். நான் மறந்துபோன விசயம். எனக்கு அதுதான் சரியான கோவம். அப்ப இவன் இவ்வளவு நாளும் அதை மனசில வைச்சுக்கொண்டுதானே இருந்திருக்கிறான்? 

பன்ரெண்டரைக்கு எழும்பிப் போனான். மலையில ரெண்டு மணி வரிசையைப் பிடிக்கவேணும் எண்டு காரை எடுத்துக்கொண்டு ஓடினான். 

இப்ப நடந்ததைக் கேளுங்கோ. பன்ரெண்டு நாற்பதுக்கு பிளேன் வெளிக்கிடேல்லை. இண்டையைப்போலதான், ஹோம்னெஸ்ஸில பனி கொட்டுது, பொறுக்கச் சொல்லிச் செய்தி வந்தது. உந்தக் கண்ணாடிக்கு அங்காலை, இப்ப நிக்கிற அதே இடத்தில பிளேன் நிக்குது. படியும் இறக்கினபடி. ஊன்னி ஓடி வந்து, "அவனுக்குப் போன் எடு, திரும்பி வரச் சொல்லு, இன்னும் தூரம் போயிருக்கமாட்டான்" எண்டு கத்துறாள். நான் யோசிச்சன். திரும்பி வரச் சொல்லி, அவன் வாறதுக்குள்ள பிளேன் எழும்பினால் அதுவும் இல்லை, மலை வரிசையும் இல்லை. ரெண்டும் கெட்டிடும். அவன்ர நன்மைக்குத்தான் எடுக்கேல்லை. 

பன்ரெண்டு ஐம்பதுக்கு என்ர போன் அடிச்சது. நளாயினி. குகன் பிளேனுக்குள்ள இருப்பான், போனை நிப்பாட்டியிருப்பான் எண்டு நினைச்சு எனக்கு எடுத்திருக்கிறாள். குரல் நூல்மாதிரி வருது. 

"அண்ணை, அவர் ஏறிட்டாரோ?" 

"இல்லைப் பிள்ளை. பிந்தி வந்தவர். ரோட்டால வாறார்." 

பிறகு, "ரோட்டால எண்டால் எவ்வளவு தூரம் அண்ணை?" 

"முந்நூற்றிப் பத்துக் கிலோமீற்றர்." 

"எவ்வளவு நேரம் எடுக்கும்?" 

"மலையில வரிசை கிடைச்சால் ஏழு மணித்தியாலம். கிடைக்காட்டி எட்டு, ஒன்பது." 

"பிளேனில?" 

"இருபத்தஞ்சு நிமிசம்." 

சரியாய்த்தானே சொன்னனான்? ஒரு நிமிசம் கூட்டேல்லை, குறைக்கேல்லை. என்னை மாதிரி வேற ஆர் இவ்வளவு துல்லியமாய்ச் சொல்லுவினம்? 

பிறகு கேட்டாள், "ரெண்டரைக்கு ஒப்பரேசனாம் அண்ணை. இவை கேக்கிறது எனக்கு ஒண்டும் விளங்குதில்லை. பிளேன் போயிட்டுதோ?" 

நான் கண்ணாடியால பார்த்தன். பிளேன் நிக்குது. "ஓம் பிள்ளை, போயிட்டுது" எண்டன். 

அது பொய் எண்டு சொல்லாதேங்கோ. எங்கட தொழிலில லிஸ்ற் மூடினால் பிளேன் போன மாதிரித்தான். அங்கை நிக்கிறது வெறும் தகரம். வேலையாய் நிக்கிறன் எண்டு சொல்லிப் போனை வைச்சிட்டன். உண்மையிலயும் வேலையாய்த்தான் நிண்டனான், நிலம் துடைச்சுக்கொண்டு. 

ஒண்டு பதினஞ்சுக்கு பிளேன் எழும்பினது. ஒண்டு நாற்பதுக்கு அங்கை இறங்கினது. இருபத்தஞ்சு நிமிசம், சொன்னன்தானே. இறங்கி, காரில பத்து நிமிசம். ஏறியிருந்தால் ரெண்டு மணிக்கு முதல் அவளின்ர கட்டிலடியில நிண்டிருப்பான். சரி, நிண்டு? ஒப்பரேசன் ரெண்டரைக்கு. அரை மணித்தியாலம். அரை மணித்தியாலத்தில என்னத்தைக் கதைச்சிருப்பான்? கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்திருப்பான், அவ்வளவுதான். ஆரோ ஒஸ்லோவில இருந்து போனில மொழிபெயர்த்தவையாம். டொக்டர்மாரில பிழையில்லை, ஆரிலயும் பிழையில்லை. பிறந்த பெட்டைக்குஞ்சு தப்பிட்டுது. தாய்க்கு இரத்தம் நிக்கேல்லை. நாலு மணிக்கு முடிஞ்சுது. அப்ப குகன் மலையடியில ரெண்டு மணி வரிசையை விட்டிட்டு, நாலு மணி வரிசைக்குக் காருக்குள்ள இருக்கிறான். போய்ச் சேர எட்டு நாற்பது. கம்பளிச் சட்டையைக் கையில வைச்சுக்கொண்டு போனவனாம். 

நான் இந்தக் கணக்கை எத்தினையோ தரம் போட்டுப் பார்த்திட்டன். எப்பிடிப் போட்டாலும் செத்தவள் செத்தவள்தான். அந்த அரை மணித்தியாலம் மட்டும்தான் வித்தியாசம். 

ஹோம்னெஸ்ஸில செத்தவீட்டுக்குப் போனனான். போகாமல் விடேலுமோ? பிளேனில போனனான், மாலையும் எடுத்துக்கொண்டு. மண்டப வாசலில குகன் நிண்டவன். தாடி. தோளில குழந்தை. என்னைப் பார்த்தான். ஒரு சொல்லுத்தான் சொன்னான். "மூடியாச்சு." நோர்வேமொழியில சொன்னான். மூண்டு தரம், மரியாதையாய். 

ஒரு அண்ணனைப் பார்த்துச் சொல்லுற கதையோ அது? தூக்கி வளர்த்தவன் நான். அண்டைக்கு அங்கத்தை எயார்போட்டில குந்தியிருந்து நாலு மணித்தியாலம் அழுதனான், மாலையை மடியில வைச்சுக்கொண்டு. அவன் பிறகு ஹோம்னெஸ்ஸிலயே இருந்திட்டான். என்ர மனிசி இண்டைக்கும் அவன்ர வீட்டுக்குப் போய் வாறவ, என்னட்டை ஒண்டும் சொல்லமாட்டா. ஊன்னி பதினொரு வருசமாய் என்னோட இருந்து கோப்பி குடிக்கிறேல்லை. ஏன் எண்டு ஒருநாளும் சொன்னதுமில்லை. அதுதான் உங்களுக்குத் தேத்தண்ணி தந்தன், தனியக் குடிச்சுக் குடிச்சு அலுத்துப்போச்சு. 

போன பங்குனியில அந்தப் பிள்ளையைக் கண்டனான். ஹோம்னெஸ் பள்ளிக்கூடத்தால ஒரு கூட்டம் இஞ்சை வந்து, பிளேன் மாறி, தெற்கே மற்ற ஊருக்கு நீச்சல் போட்டிக்குப் போனது. லிஸ்ற்றில பார்த்தன், ஆரணி குகதாசன். பதினொரு வயசு. பாக் ஏழு கிலோ. நான் அவளின்ர பெரியப்பா எண்டு அவளுக்குத் தெரியாது. கட்டிப்பிடிக்கவேணும் மாதிரி இருந்தது. அவளைப் பார்த்துக்கொண்டே பாக்கைத் தூக்கிக்கொண்டு படியால இறங்கினவன், சறுக்கி இருந்திட்டன். அவள் சிரிச்சாள். அச்சு அசல் அதே சிரிப்பு. அவள் சிரிக்க மற்றப் பிள்ளையளும் சிரிச்சுதுகள். 

அண்டைக்குப் பிளேனில பாரம் கூடிப்போச்சு. ஒரு பாக் இறக்கவேணும் எண்டு வந்தது. எதையாவது இறக்கத்தானே வேணும். ஏழு கிலோ சரியாய் இருந்தது. நீச்சல் உடுப்பு அதுக்குள்ளதானாம், அவள் நீந்தேல்லையாம் எண்டு மனிசி பிறகு ஆருக்கோ போனில சொல்லிக்கொண்டிருந்தவ. அது பாரத்தின்ர விசயம். நான் என்ன செய்ய? 

ஆ, ஹோம்னெஸ் வெளிச்சிட்டுதாம், சொல்லுகினம். எழும்புங்கோ. ஜக்கெற்றைப் பூட்டுங்கோ, வெளியில காத்து. 

என்ன தம்பி, ஏன் என்னை அப்பிடிப் பார்க்கிறியள்? ஓ, அதோ. ஓம், நீங்கள் ஒன்பது நிமிசம் பிந்தித்தான் வந்தனீங்கள். லிஸ்ற் மூடித்தான் இருந்தது. விமானிக்கு ஒரு போன் எடுத்து, "இன்னும் ஒராள், எண்பது கிலோ" எண்டன். சரி எண்டிச்சினம். அதுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறியள்? ஓடி வந்தனீங்கள், தமிழ் முகம், வாசலில நிண்டு "ஐயா, நீங்கள்தானே ஒஃபிசர்?" எண்டு கேட்டியள். 

நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கேல்லையே.